நாலு கண் பூதம்

அவள்: அந்த ஹோட்டல் அம்மாவுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்டுல வயித்துப்போக்குன்னு சொல்லுங்க.

அவன்: உனக்கா, எனக்கா?

அவள்: யாருக்கோ. வந்து சோதிச்சா பார்க்கப் போறாங்க?

அவன்: வர்றாங்களே, அதானே வம்பு. கிளம்பிட்டாங்க. இப்பதான் டிரைவர் போன் பண்ணி வழி கேட்டாரு.

அவள்: நீங்களும் சொல்லிட்டீங்க.

அவன்: தப்பா சொல்லத்தான் பார்த்தேன்… நம்ம தெருவுல எப்படி வந்தாலும் நம்ம வீட்டுலதான் வந்து முட்டுது.

அவள்: முட்டுச்சந்துல வீடு பார்த்தது யாரு?

அவன்: நான்தான். எல்லாமே நான்தான். மேல சொல்லு.

அவள்: அந்த ஹோட்டல் அம்மாகிட்ட என்னதான் சொல்லித் தொலைச்சீங்க?

அவன்: கண்காட்சியில, கல்லு மேல தாளை ஒட்டி மை ஒத்தி எடுத்த என் பூதப் படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாங்க. ‘இது எந்தக் கல்லுல இருந்து எடுத்தது’ன்னு கேட்டாங்க. ‘ரொம்பப் பழைய கல்லுங்க’ன்னேன்.

அவள்: பழைய கல்லா?

அவன்: பின்னே? உலகம் உண்டானப்போ உண்டானது. எந்தக் கல்லும்மா நேத்து பொறந்தது?

அவள்: எங்கே இருக்குன்னு கேட்டிருப்பாங்களே.

அவன்: கேட்டாங்க. ‘இடத்தைச் சொல்றதில்லைங்க, சொன்னா கூட்டம் சேர்ந்துடும்’னேன்.

அவள்: நம்ம துவைக்கிற கல்லைப் பார்க்க.

அவன்: மெதுவா பேசு.

அவள்: மெதுவா பேசினா மட்டும் அது கோட்டைச் சுவரா மாறிடுமா? பக்கெட்டை நகர்த்துங்க. உங்க சட்டையைத்தான் துவைச்சுக்கிட்டிருக்கேன். காலர் பூரா மை.

அவன்: அது கலைஞனோட காலர்.

அவள்: கலைஞனே துவைச்சுக்கட்டும்.

அவன்: கோபப்படாதே. எனக்கு மட்டும் ஆசையா? ஊர்ல இருக்கற நல்ல கல்லையெல்லாம் விட்டுட்டு நானா இதுகிட்ட வந்தேன்? அந்தப் பழைய பாலத்துக் கல் யானைக்காக என் இடுப்புல கயித்தைக் கட்டித் தொங்கினேன். தாளை நனைச்சு, யானை மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டிப் பதிய வச்சு, மைத் துணியால ஒத்தி… எப்படிப்பட்ட மைப்படி அது. தும்பிக்கையில இருக்கற சுருக்கம்கூட விழுந்திருந்தது.

அவள்: ஒருத்தரும் வாங்கலை.

அவன்: ஒருத்தரும் வாங்கலை. மை கசிஞ்சு யானையோட காது கறுப்பானதுதான் மிச்சம். வாட்ச்மேன் என்னையே தேய்ச்சுக் கழுவ வச்சான். போறவன் வர்றவனெல்லாம் நான் யானையைக் குளிப்பாட்டற ஆளுன்னு நினைச்சான்.

அவள்: அதுக்கு முன்னால கல்வெட்டுன்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தீங்களே.

அவன்: அதை விடு.

அவள்: பக்கத்து ஊருக்கு எவ்வளவு தூரம்னு எழுதியிருந்தது.

அவன்: எழுத்து தேய்ஞ்சிருந்தது, பாசி வேற. மைல்கல்லுன்னு எப்படித் தெரியும்… விடுன்னா விட மாட்டியே.

அவள்: சரி, விட்டேன்.

அவன்: அப்புறம்தானே, கலக்கின மை வீணாப் போகுதேன்னு வீட்டுல இருக்கற கல்லுல பழகினேன். பனியனோட உக்காந்து, சும்மா. பார்த்தா, தாள்ல எழும்பி வர்றான் பூதம். நாலு கண்ணு. வாயைப் பிளந்து ஒரு கர்ஜனை. கையில ஆயுதம். தொப்பை வேற, எவ்வளவு கம்பீரமா. இந்த வீட்டுக்கு வர்றப்பவே கல்லுல இருந்ததுன்னு நீதானே சொன்னே?

அவள்: ம்.

அவன்: எந்தப் புண்ணியவான் செதுக்கினானோ.

அவள்: …கல்லைத் திருப்பிப் போட்டுடலாமா?

அவன்: எதுக்கு?

அவள்: வந்து பார்த்தா வெறும் கல்லா இருக்கட்டும். திருட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம்.

அவன்: கல்லு இருக்கும், பூதம் மட்டும் திருட்டுப் போகுமா?

அவள்: அப்போ உடைச்சுடலாம்.

அவன்: என்னடி உனக்கு அது மேல இவ்வளவு ஆத்திரம்? இந்த ஒரு ஆர்டர்தான் நமக்குக் கடைசி. ஹோட்டல் பூரா, ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பூதம். இது கைநழுவினா திங்கக்கிழமை நான் பழைய ஆபீஸுக்குப் போறேன். உன்கிட்ட சத்தியமே பண்ணிட்டேன்.

அவள்: நான் பண்ணச் சொல்லலையே.

அவன்: நீ சொல்லலை. உன் செருப்பு சொல்லிச்சு. தைச்சுத் தைச்சு அதுல இப்போ செருப்பைவிட நூல்தான் அதிகம். மேனேஜர் என் நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்காராம். ‘கல்லைச் சுரண்டி முடிச்சாச்சா’ன்னு கேட்டாராம்.

அவள்: நீங்க அந்த நாற்காலிக்குப் போக வேண்டாம்.

அவன்: என்ன சொன்னே?

அவள்: ஒண்ணுமில்ல. கதவைத் தட்டறாங்க. போய்த் திறங்க.

ஹோட்டல் அம்மா: மணி அடிச்சுப் பார்த்தேன், சத்தமே வரலை. அதான் தட்டினேன்.

அவன்: அது எப்பவுமே அடிக்காதுங்க. வாங்க, வாங்க. உக்காருங்க… அதுல வேண்டாம், மை இருக்கு. இதுலயும் வேண்டாம், ஈரத் தாள் காயுது. இப்படி உக்காருங்க. கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க.

ஹோட்டல் அம்மா: நின்னுக்கறேன். எனக்கு அந்தக் கல்லைப் பார்க்கணும், அவ்வளவுதான். நீங்க போன்ல மழுப்பிக்கிட்டே இருந்தீங்க.

அவன்: மழுப்பலைங்க. என் குரலே அப்படி.

ஹோட்டல் அம்மா: தங்க வர்றவங்க கேப்பாங்க, இது எங்கே இருக்குன்னு. நான் கண்ணால பார்த்ததைத்தான் சொல்ல முடியும். ஏற்கெனவே ஒருத்தர் பழைய மரச் சிலைன்னு என் தலையில கட்டினாரு. துடைக்கிற பொண்ணு அதுக்கு அடியில விலைச் சீட்டைக் கண்டுபிடிச்சா. விருந்தாளி முன்னாடியே.

அவன்: ஐயோ பாவம்… அது வந்துங்க, இந்தக் கல்லு கொஞ்சம் தூரம். வண்டி போகாது. நடுவுல ஒரு ஆறு வேற…

அவள்: பின்கட்டுலதாங்க இருக்கு. வாங்க.

அவன்: என்ன பண்றே?

அவள்: ஆத்தைக் கடக்கறேன். வழி விடுங்க. நீங்க பார்த்து வாங்கம்மா, தரை வழுக்கும்.

ஹோட்டல் அம்மா: இங்கே துணிதான் இருக்கு.

அவள்: துணிக்குக் கீழ. இருங்க, எடுத்துடறேன்.

ஹோட்டல் அம்மா: சோப்பு நுரை…

அவள்: ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா தெரியும். இப்போ பாருங்க.

ஹோட்டல் அம்மா: அட. இதேதான். அதே வாய், அதே நாலு கண்ணு… இது மேலயா துணி துவைக்கிறீங்க? இது எப்படி இங்கே வந்தது?

அவன்: அது பாருங்க, முன்னொரு காலத்துல ஏதோ ஒரு அரண்மனை இடிஞ்சப்போ…

அவள்: சும்மா இருங்க. அரண்மனையும் இல்ல, இடியவும் இல்ல. நான்தாங்க செதுக்கினேன். ஆணியும் சுத்தியலும் வச்சு.

ஹோட்டல் அம்மா: நீங்களா? சிற்ப வேலை எங்கே கத்துக்கிட்டீங்க?

அவள்: கத்துக்கலைங்க. கோபம்.

அவன்: நீயா? ஏய், நீயா?

அவள்: இவரு ஒரு நாள் ஆபீஸுக்குப் போனாரு. போன வேகத்துல திரும்பி வந்தாரு. ‘வேலையை விட்டுட்டேன், இனிமே கல்லுதான் என் வாழ்க்கை’ன்னாரு. சொல்லிட்டு சாப்பிட்டாரு. சாப்பிட்டுட்டு சோபாவுல மல்லாந்து படுத்துத் தூங்கிட்டாரு. எனக்குத் தூக்கம் வரலை. சுத்தியலை எடுத்துட்டு இங்கே வந்துட்டேன்.

ஹோட்டல் அம்மா: அப்போ இந்தப் பூதம்…

அவள்: இவரைப் பாருங்க.

ஹோட்டல் அம்மா: சார், கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணாடி நெத்தியிலயே இருக்கட்டும், இறக்காதீங்க. எப்பவும் அப்படித்தான் வச்சிருப்பீங்களா?

அவன்: படிக்கறப்போ மட்டும்தான் இறக்குவேன்.

ஹோட்டல் அம்மா: வாயைத் திறங்க.

அவன்: எதுக்குங்க?

ஹோட்டல் அம்மா: திறங்களேன். தூங்கற மாதிரி.

அவன்: ஆ…

ஹோட்டல் அம்மா: கடவுளே. நாலு கண்ணு. அப்போ இந்தக் கர்ஜனை…

அவள்: குறட்டைங்க.

ஹோட்டல் அம்மா: கையில இருக்கற ஆயுதம்?

அவள்: டிவி ரிமோட். தூக்கத்துலயும் விட மாட்டாரு.

அவன்: நானா? இத்தனை நாளா நான் விக்கறது என்னையேவா?

ஹோட்டல் அம்மா: நான் ‘பண்டைய காவல் பூதம்’னு அட்டை அடிக்கக் கொடுத்துட்டு வந்திருக்கேன், சார்.

அவன்: நிறுத்தச் சொல்லிடுங்க. தப்பு இவளோடது இல்லைங்க. இவ துணிதான் துவைச்சா. வாயைக் கொடுத்தது நான். கண்காட்சியில நீங்க வாங்கிட்டுப் போன படத்தையெல்லாம் நானே வந்து திருப்பி வாங்கிக்கறேன். நான்… எனக்கு வேற வேலை இருக்கு. திங்கக்கிழமையில இருந்து.

அவள்: போகாதீங்கன்னு சொன்னேன்ல.

அவன்: நீ வேற ஏன் நடுவுல?

அவள்: அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். இதை நான் செதுக்கினப்போ இவரு திரும்பி வேலைக்குப் போயிடணும்னுதான் நினைச்சேன். நிஜம். ஆனா இவரு தாளை ஒட்டிட்டு அது காயற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பாரு பாருங்க. ஈரம் அதிகமானா மை கசியும், காஞ்சா தாள் எழும்பிடும். புறங்கையால தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரு. ஆபீஸ்ல இருந்த வருஷம் பூரா இவரு எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்ல. என்னைக்கூட.

அவன்: இதையெல்லாம் அவங்ககிட்ட ஏன்…

ஹோட்டல் அம்மா: இருங்க சார். நான் சிரிக்கறதா கோபப்படறதான்னே தெரியலை. ரெண்டும் சேர்ந்து வருது.

அவள்: திட்டறதுன்னா திட்டிடுங்க. நாங்க பழகிட்டோம்.

ஹோட்டல் அம்மா: அட்டையை மாத்தி அடிக்கச் சொல்றேன். ‘வேலையை விட்டுவிட்டு வந்து தூங்கும் கணவர். துவைக்கும் கல்லில் மனைவி செதுக்கியது.’ இருக்கறதை இருக்கற மாதிரி போட்டுடலாம். இதைப் படிக்கற பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க. நான் முதல்ல என் வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். எங்க வீட்டுலயும் ஒரு ரிமோட் இருக்கு.

அவன்: அப்போ ஆர்டர்?

ஹோட்டல் அம்மா: ஒவ்வொரு ரூமுக்கும், சொன்ன மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை. கீழ ஒரு வெள்ளைப் பட்டை விடறீங்களே, அதுல கை வைக்காதீங்க. பூதத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம வெறுமையா இருக்கறது, அதுதான் படத்தையே தூக்கி நிறுத்துது. அது என்ன யோசனை, சார்?

அவன்: அதுவா… காத்தோட்டத்துக்குங்க.

ஹோட்டல் அம்மா: நீங்க சொல்லவே மாட்டீங்க. கலைஞர்களே இப்படித்தான். வர்றேங்க. அந்தக் கல்லைப் பத்திரமா பார்த்துக்கோங்க.

அவள்: போயிட்டாங்களா?

அவன்: போயிட்டாங்க. ‘கலைஞர்’னு சொல்லிட்டுப் போனாங்க, கேட்டியா?

அவள்: உங்களையா, என்னையா?

அவன்: பன்மையிலதான் சொன்னாங்க. பங்கு போட்டுக்கலாம்.

அவள்: …கோபமா?

அவன்: எதுக்கு?

அவள்: உங்களைப் போய்ப் பூதமா…

அவன்: பூதமா இருந்ததால விக்குது. மனுஷனா செதுக்கியிருந்தா பாலத்து யானைக்குப் பக்கத்துல சுருட்டிக் கிடந்திருப்பேன்.

அவள்: நான் எத்தனை தடவை சொல்லிடலாம்னு வந்தேன் தெரியுமா? நீங்க ‘எந்தப் புண்ணியவானோ’ன்னு ஆரம்பிப்பீங்க. அப்படியே வாயை மூடிக்குவேன்.

அவன்: நீ சொல்லிச் சங்கடப்படக் கூடாதுன்னுதானே அடிக்கடி அப்படிச் சொன்னேன்.

அவள்: என்ன?

அவன்: எந்த ராஜா காலத்துச் சிற்பத்துலம்மா ரிமோட்டுல பட்டன் எல்லாம் வரிசையா இருக்கும்?

அவள்: அடப்பாவி. அப்போ அவங்க முன்னாடி ‘நானா, நானா’ன்னு குதிச்சது?

அவன்: உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு.

அவள்: எப்ப இருந்து தெரியும்?

அவன்: முதல் தாள்ல இருந்து.

அவள்: ரிமோட்டைப் பார்த்தா?

அவன்: அதுக்கு முன்னாலயே. எழுத்தைப் பார்த்து.

அவள்: …எந்த எழுத்து?

அவன்: தொப்பைக்குக் கீழ ஒரு வரி இருந்ததே.

அவள்: அது இல்லையே. அதை அன்னிக்கு சாயங்காலமே செங்கல்லைப் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டேன். நீங்க எழுந்து வர்றதுக்குள்ள. இப்போ தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

அவன்: தாளுக்குத் தெரியும். ஈரத் தாளை அழுத்தி மை ஒத்தினா, நீ தேய்ச்சு அழிச்சதுகூட எழும்பி வரும். ‘இவருக்குப் பதிலா இந்தக் கல்லையே கட்டிக்கிட்டிருக்கலாம்’. ஒரு எழுத்து விடாம வந்தது. அன்னியில இருந்து அந்த இடத்துல ஒரு பட்டைத் தாளை ஒட்டி மூடிட்டுத்தான் மை எடுக்கறேன். மூஞ்சி என்னோடது, ஊர் பூரா வித்துக்கலாம். அந்த வரி உன்னோடது. உன்னைக் கேக்காம அதை எப்படி விக்கறது?