கழுத்து இல்லாத பட்டை

கடலுக்கும் தேரிக்கும் நடுவுல முள்ளிக்கரைன்னு ஒரு ஊரு. அந்தத் தேரி மணல்மேடு இப்ப இருக்கறதைவிட ஒரு பனை உயரம் கூடுதலா நின்ன காலமாம் அது. கேளுங்க.

அங்க கிணறு கிடையாது. மணலைக் கையால பறிச்சா முழங்கை ஆழத்துல ஊத்து. சிரட்டையால கோரிக் கோரிப் பானையை நிறைக்கணும். ஒரு இடத்துல மூணு நாள் கோரலாம். நாலாம் நாள் மூடிட்டு வேற இடம் பறிக்கணும். விடாம கோரினா உப்பு ஏறிரும். இது அந்த ஊருச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒருநாள் சர்க்கார் அதிகாரி குதிரையில வந்தாராம். பொம்பளைங்க இங்கயும் அங்கயும் பறிக்கிறதைப் பார்த்து, "என்ன ஒழுங்குகெட்ட ஊரு இது?"ன்னாராம். ஒன்பது கம்பு நட்டாரு. கம்பு நட்ட இடத்துல மட்டும்தான் இனி ஊத்து. பானைக் கழுத்துல சர்க்கார் முத்திரை போட்ட செம்பு வில்லை தொங்கணும். தொங்காத பானையை உடைக்க ஒரு சேவகன், கையில தடியோட.

ஊரு வரிசையில நின்னு வாங்கிக் கட்டிச்சாம். சிலபேரு புளி போட்டு விளக்கிக் கட்டினாங்களாம். சிவனணைஞ்சாள் கட்டல.

அவ நாட்டாமை பலவேசத்துக்கு அண்ணன் பொண்டாட்டி. புருசன் பனையிலேருந்து விழுந்து செத்துப் பத்து வருசம். வீட்டுல மக செல்லக்கனி தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாசமா இருக்கா.

சேவகன் ஒரு பானையை உடைச்சான். அவ கட்டல. இன்னொரு பானையை உடைச்சான். அவ கட்டல. ஏழாவது பானையும் போச்சு. எட்டாம் நாள் பனையோலையில முடைஞ்ச பட்டையைத் தூக்கிட்டு வந்தாளாம்.

"வில்லை எங்க?"ன்னான் சேவகன்.

"பட்டைக்குக் கழுத்து இல்லியேய்யா. உன் கழுத்துல வேணா கட்டிக்கோ."

அவ கம்பு பக்கமே போகல. தள்ளி ஒரு பள்ளத்துல பறிச்சா. அவன் தடியைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான். ஓலையை எப்படி உடைக்க?

சாயங்காலம் பலவேசம் வந்தான்.

"மதினி, ஊரே கட்டியிருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன கேடு?"

"தண்ணியை மணலு தருது. பறிக்கிறது என் கை. நடுவுல இவன் யாருடா?"

"சர்க்காரு, மதினி."

"அவனுக்கு ஊத்து பறிக்கத் தெரியுமா?"

பலவேசத்துக்கு முகம் சுண்டிப்போச்சாம். மறுநாள் ஊரு கூடிச்சு. அவளுக்கு யாரும் நெருப்புத் தரக்கூடாது. மருத்துவச்சி பிச்சம்மா அவ வாசப்படி மிதிக்கக்கூடாது. கவனிச்சுக்கோங்க, இதை அதிகாரி சொல்லல. ஊரேதான் சொல்லிச்சு.

செல்லக்கனி அழுதாளாம். "எம்மா, ஒரு துண்டுச் செம்பும்மா. கட்டிட்டா என்ன குறைஞ்சு போவே?"

சிவனணைஞ்சாள் கிட்ட வந்து உட்கார்ந்தாளாம். மக வயித்துல கையை வச்சுப் பார்த்தாளாம். அப்புறம் சொன்னாளாம்: "இன்னிக்குப் பானைக்குக் கட்டுவேன். இது பிறந்ததும் இதுக்குக் கட்டச் சொல்வான். அப்பவும் ஊரு வரிசையில நிக்கும்."

நாலாம் நாள் வலி வந்துச்சு. பிச்சம்மா வீட்டுக்கும் இவ வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். சத்தம் கேட்டுச்சு, அவ வரல. சிவனணைஞ்சாளே கொடி அறுத்தா. பேத்தி. பட்டைத் தண்ணியில குளிப்பாட்டினா. அது நல்ல தண்ணி.

இதுக்குள்ள ஒன்பது கம்படி ஊத்துலயும் உப்பு ஏறிப்போச்சு. எல்லாருக்கும் காரணம் தெரியும். ஒருத்தரும் இடம் மாத்திப் பறிக்கல. கம்பைப் பிடுங்கி வேற இடத்துல நட உத்தரவு கேட்டு மனு எழுதினாங்களாம். அசைக்கக்கூடாதுன்னு பதில் வந்துச்சாம். அதுக்கும் கும்பிடு போட்டுட்டு உப்புத் தண்ணியைக் குடிச்சாங்களாம். பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. பிச்சம்மா மகன் சுருண்டு கிடந்தான்.

அவதான் முதல்ல சிவனணைஞ்சாள் பறிச்ச ஊத்துக்கு வந்தா, பானையோட. "அக்கா, ஒரு குடம்."

சிவனணைஞ்சாள் நிமிரக்கூட இல்ல. "கழுத்துல தொங்குறதை அவுத்து அந்தப் பழைய பள்ளத்துல போடு. அப்புறம் கோரிக்கோ."

பிச்சம்மா அவுத்தா. அவளைப் பார்த்து இன்னொருத்தி. பொழுது சாயறதுக்குள்ள நாப்பது பானை. சேவகன் தடியை ஓங்கினானாம். எதை முதல்ல உடைக்கன்னு தெரியாம ஓங்கின கை அப்படியே நின்னுச்சாம். அன்னிக்கே ஊரைவிட்டுப் போனவன்தான். அதிகாரியும் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டலையாம்.

கடைசியா பலவேசம் வந்தான், வில்லையை அவுத்த பானையோட. "மதினி, இனி நீங்க சொல்றதுதான் ஊருக்கு."

"ஒருத்தன் சொல்லை அவுத்துப் போட்டு முழுசா ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள இன்னொருத்தி சொல்லைக் கட்டிக்க வந்துட்டியா? கோரிக்கிட்டுப் போ."

அவங்க அவுத்தது தாகத்துக்குத்தான், தனக்காக இல்லைன்னு அவளுக்குத் தெரியும். சாகற வரைக்கும் அந்த ஊருல யார் வீட்டு நெருப்பும் வாங்கல. யார் வீட்டுப் பந்தல்லயும் உட்காரல. சாகும்போது செல்லக்கனிகிட்ட சொன்னாளாம்: "எனக்குக் கல்லு நட வருவாங்க. விடாதே. கல்லு நட்டா அதையும் வரிசையில நின்னு கும்பிடுவாங்க."

அதனால அவளுக்குக் கோயில் கிடையாது. வில்லை புதைஞ்ச பள்ளமும் மணலு மூடி எங்க இருக்குன்னு தெரியாது. ஆனா பொங்கலன்னிக்கு முள்ளிக்கரைக்குப் போய்ப் பாருங்க. எல்லா ஊருலயும் பானைக் கழுத்துல மஞ்சக்கொத்து கட்டுவாங்க. அங்க கட்ட மாட்டாங்க. கொத்தைப் பக்கத்துல தரையில வச்சிருப்பாங்க. பானை வெறுங்கழுத்தோட பொங்கும்.