கதவுப் பக்கத்து முடிச்சு

கிட்டப் போய் மோந்து பாக்காத தம்பி, மதியம் சாப்ட்டதெல்லாம் வெளிய வந்துடும். கார்ல மாட்டி இழுக்கற இந்த டிரெய்லர் வீட்ட ஏப்ரல்ல தொறந்தது, இப்ப அக்டோபர். இன்னும் நாத்தம் போவல பாரு. சீ! எல்லாம் என் மச்சான் வெர்லின் பண்ணின கருமம்.

நீ அரிசோனாக்காரன், போன மாசந்தான் பக்கத்து வீட்டுக்கு வந்திருக்க, உனக்குத் தெரியாது. இந்த மினசோட்டாவுல பனி விழறதுக்குள்ள டிரெய்லரப் போர்த்தி மூடலன்னா கூரையே ஒக்காந்துடும். ஆனா மூடறதுக்கும் ஒரு மொறை வேணாம்? கழுவணும், காய வைக்கணும். இந்தா, இந்த டென்னிஸ் பந்தக் கீறி மூலைக்கு மூலை மாட்டு, இல்லன்னா தகரம் போர்வையக் கிழிச்சுடும். வெர்லின் என்ன பண்ணினான்? மழையில நனஞ்ச வண்டி மேல நீல பிளாஸ்டிக் தார்ப்பாயப் போட்டு மூட்டை கட்டற மாதிரி கட்டிட்டான். உள்ள காத்து போவ வழியில்ல. கட்டில், அடுப்பு, செவுரு, எங்க தொட்டாலும் பூஞ்சக்காளான். ஃபிரிட்ஜுல மூணு மீன், கூழா. மெத்தைக்குள்ள எலி குடும்பம் நடத்தி, குட்டி போட்டு, அங்கயே செத்தும் கெடக்கு. வெறுங்கையால அள்ளினேன் தம்பி. தூ!

என்னது, வித்துத் தொலைக்கவா? நல்லா சொன்ன போ. இத என் பொண்டாட்டி மார்லிஸ் காதுல போட்டுடாத. ஏற்கெனவே ஏப்ரல்லேர்ந்து அவ எங்கூடப் பேசறதே அளந்துதான்.

அட, அப்படி இல்லப்பா, போர்வையத் திருப்பிப் போடு! ஜிப் வெச்ச பக்கம் கதவுக்கு நேரா வரணும். இந்த ஜிப்புக்காகத்தான கடைக்காரன்கிட்ட ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். எதுக்கா? பனியில எவன் உள்ள போவப் போறான்னு கேக்கற. சரிதான்.

என் மவன் காரெட்டு போன வருசம் கோடை பூரா இதுலதான் கெடந்தான். வேலை போச்சு, சதா குடி. பாட்டிலும் வாந்தியுமா, சே, அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அருவருப்பு. எலி மாதிரி வாழறடா, இனிமே என் வாசப்படிய மிதிக்காதன்னேன். அப்பவே கெளம்பிப் போயிட்டான். மறுநாளே வெர்லினக் கூப்ட்டேன். ஈரம் காயட்டும்னு அவன் சொல்லத்தான் சொன்னான். நான்தான் இன்னிக்கே மூடுன்னேன். உள்ள எட்டிக்கூடப் பாக்க விடல. அந்த மீனு? அது காரெட்டு அவங்கம்மாவுக்குன்னு புடிச்சு வெச்சது.

கதவுப் பக்கக் கயித்த மட்டும் நானே கட்டினேன். படகுக்குப் போடற முடிச்சு, எட்டு. ஒருத்தனும் அவுக்க முடியாதபடி.

ஏப்ரல்ல போய்ப் பாக்கறேன், மேல ரெண்டு முடிச்சு அவுந்திருக்கு. மூணாவதுல பல்லுத் தடம். படியில, பனி உருகின எடத்துல, ஒத்தைக் கையுறை. காரெட்டுக்கு மார்லிஸ் பின்னிக் குடுத்தது. அவதான் எடுத்தா. எப்ப வந்தானோ தெரியல. ஜனவரியில ஒரு வாரம் குளிரு மைனஸ் முப்பது டிகிரியிலயே நின்னுச்சு, நீ அப்ப உங்க ஊரு வெயில்ல காஞ்சுக்கிட்டு இருந்திருப்ப. வீடு இங்கேர்ந்து இருவது காலடி தூரந்தான். வந்து கதவத் தட்டல. நான்தான் மிதிக்காதன்னேனே.

எங்க இருக்கானா? இருக்கானான்னே தெரியல தம்பி.

ஏணியக் கெட்டியாப் புடி, எறங்கறேன். இல்ல இல்ல, டிரெய்லர் கதவுக்கு அந்தப் பூட்டு வேணாம், தூரப் போடு. ஜிப்பையும் முழுசா இழுக்காத, பாதி தொறந்தே கெடக்கட்டும். எலி வந்தா வரட்டும்.