கல்லு வரைக்கும்

அது கடலு வளைஞ்சதில்ல சார். நாங்க வளைச்சது. உங்க மேப்பு தப்பில்ல, படம் போட்டவரு மேலயும் தப்பில்ல. வடக்க உலகநாதன் ஐயா தோப்பு வரைக்கும் கடலு ஏறற கோடு கரையோரமா ஒழுங்காத்தான் வருது. நம்ம ஊரு எல்லையத் தொட்டதும் வயித்தத் தள்ளிக்கினு உள்ள பூந்துடுது, இல்ல? அப்பறம் தெக்கால மறுபடியும் கரைக்கே பூடுது. வர்ற ஆபீசருங்க எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. கடலு இன்னாம்மா, உங்க ஊருக்கு மட்டும் விருந்தாடியா வருதான்னு போன தடவ வந்தவரு சிரிச்சாரு.

சொல்றேன் சார். சொல்றதுக்குத்தான என்ன இட்டாந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. நீங்க மொதல்ல ஒக்காருங்க. அய்ய, அந்தக் கல்லு மேல வேணாம் சார். காலு கூட வெக்காதீங்க. எறும்பு. செவ்வெறும்பு, கடிச்சா தடிச்சிக்கும். தோ, தென்ன மரம் சாஞ்சி கெடக்கு பாருங்க, அது மேல ஒக்காருங்க. மஞ்சளா? புள்ளைங்க இன்னாத்தையாவது பூசும். கல்லக் கண்டா பொட்டு வெக்கற ஊரு சார் இது.

என் பேரு தையலம்மா. வூட்டுக்காரரு பேரா? அத எப்பிடி சார் நான் என் வாயால சொல்றது. முருகன் பேருதான். உங்க பேப்பர்ல இருக்கும் பாருங்க, கல்லு நட்டப்ப எடத்தக் காட்டினவருன்னு போட்டிருக்கும். அவருதான். அவரு இப்ப இல்லன்னதும், சரி, சம்சாரம் சொன்னா போதும்னீங்களாம். ஆதிமூலம் வந்து சொன்னாரு. அவருதான் எங்க ஊரு பஞ்சாயத்துத் தலைவரு, அங்க கெணத்தாண்ட வெள்ள துண்டு போட்டுக்கினு நிக்கறாரே, அவரு. கூட நிக்கறதெல்லாம் ஊரு ஜனந்தான். நாம இன்னா பேசறோம்னு அங்கேருந்தே காது நீட்டிக்கினு இருக்காங்க பாருங்க. கேக்காது சார். காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது.

கல்லு நட்டது, ஒரு பெரிய புயலு அடிச்சிதே, அதுக்கு மறு வருசம் சார். அந்தப் புயலு எங்கியோ தெக்க கரையேறிச்சி. எங்களுக்கு வெறும் காத்துதான். கூர பிச்சிக்கினு போச்சி, மரம் சாஞ்சிது. தண்ணி வரல. சொட்டு வரல. ஆனா தண்ணி வந்த ஊருக்கெல்லாம் அரிசி குடுத்தாங்க, வேட்டி பொடவ குடுத்தாங்க. எங்க ஊருக்கு வந்தவரு, தண்ணி வந்திச்சான்னு கேட்டாரு. இல்லீங்கன்னோம். அப்ப சரின்னு திரும்பிப் பூட்டாரு. அதோட சரி. கூர போனதுக்குக் குடுக்கற மாதிரி சட்டம் இல்லியாம்.

அந்த எரிச்சல்ல இருந்தோமா. அப்பத்தான் ஒரு ஜீப்பு வந்திச்சி. மூணு காலு ஸ்டாண்டு ஒண்ண எறக்கினாங்க, சங்கிலி எறக்கினாங்க. அதுல ஒருத்தரு, ரொம்ப நல்ல மனுசன் சார், தன்மையா கேக்கறாரு, இங்க தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு. எதுக்குக் கேக்கறாருன்னு யாரும் கேக்கல. கவருமெண்டு ஜீப்பு வந்து நின்னு தண்ணின்னு வாயத் தொறந்தா எங்களுக்கு அது நிவாரணந்தான். ஆதிமூலம் ஒரு பார்வ பாத்தாரு. அவ்ளோதான். கனகாம்பா ஓன்னு ஆரமிச்சிட்டா, என் கோழியெல்லாம் கடலு வாரிக்கினு பூடுச்சேன்னு. கோழி இன்னா, ஒரு முட்டைய கூட அவ வளத்ததில்ல சார். நானும்தான் அழுதேன். இன்னாத்துக்கு இப்ப மறைக்கறது, நல்லாவே அழுதேன்.

எங்க வூடுதான் கடலுக்குக் கிட்டக்க இருக்கற வூடு. அதனால நீ காட்டுய்யான்னு எங்க வூட்டுக்காரர முன்ன தள்ளி வுட்டாங்க. அவருக்கு பொய்யே வராது சார். சின்னதா ஒண்ணு சொன்னா கூட காது ரெண்டும் செவந்துடும். கரையிலேருந்து மேக்கால நடக்கறாரு. கொஞ்ச தூரம் போயி நிக்கறாரு. இங்கயான்னு கேக்கறாரு சர்வேயரு. பின்னால கூட்டம், இன்னும் உள்ள, இன்னும் உள்ளன்னுது. மறுபடி நடக்கறாரு. நிக்கறாரு. இன்னும் உள்ளன்றாங்க. இப்பிடியே தள்ளிக்கினு தள்ளிக்கினு, தோ அந்தப் புள்ளையார் கோயிலு வரைக்கும் வந்துட்டாரு. அதுக்கு மேல காலு வரல. அந்தாண்ட போனா புள்ளையாரு தண்ணிக்குள்ள இருக்கணும், இல்ல? சாமிய முழுகடிக்க மனசு வரலடின்னு அப்பறம் என்கிட்ட சொன்னாரு. கோயிலுக்கு ரவ முன்னாலயே நின்னு, இங்க வரைக்கும் சார்னு காலால காட்டினாரு. அங்கதான் இந்தக் கல்ல நட்டாங்க.

எங்க ஆளுங்கதான் குழி வெட்டிக் குடுத்தாங்க. எளநி வெட்டிக் குடுத்தாங்க. அப்பறம் பொடவ வரும்னு பாத்துக்கினு இருந்தோம். இன்னிக்கு வரைக்கும் வரல.

உலகநாதன் ஐயா? அவருக்கு டவுன்ல ஜவுளிக் கட. அன்னிக்குன்னு பாத்து கார்ல வந்திருந்தாரு. மணல் மேட்டத் தாண்டி தண்ணி வராதுன்னு உள்ளத சொல்லிட்டாரு. அவருக்கு எதுக்கு சார் பொய்யி, அவரே பொடவ விக்கறவரு. அவரு தோப்புக்கு கல்லு கரையிலியே நின்னுடுச்சி. இப்ப தோப்போட மேக்குக் கோடியில மாடி வெச்சி பங்களா எழுப்பிட்டாரு. சட்டப்படிதான் கட்டியிருக்காரு, நான் ஒண்ணும் சொல்லல.

எங்களுக்கு விசயம் தெரிஞ்சதே எம் புள்ளையாலதான். வேணுன்னு ஒரே புள்ள. திருபுவனையில மில்லுல வேல, பஸ்ல போயிட்டு வருவான். கண்ணாலம் ஆச்சி, கல்லு வூடு கட்டணும்னு செங்கல் எறக்கினான். கடக்கால் பறிச்சோம், பூச போட்டோம். மறுநாளே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்லேருந்து ஆளு வந்து நிறுத்துங்கன்னாரு. டெல்லியில உத்தரவு போட்டிருக்காங்களாம். தண்ணி ஏறற எடத்துலேருந்து ஐநூறு மீட்டருக்கு ஒண்ணும் கட்டக் கூடாதாம். கடலு எங்க, நாங்க எங்கன்னு கேட்டான் எம் புள்ள. அந்தாளு கல்லக் காட்டினாரு. அதுலேருந்து டேப்பு புடிச்சாரு. டேப்பு எங்க தெருவத் தாண்டிச்சி, கொளத்தத் தாண்டிச்சி, தார் ரோட்டுக்குப் போயி நின்னிச்சி. கரையிலேருந்து அளந்திருந்தா எங்க தெருவே தப்பிச்சிருக்கும் சார். ஊரே வெளிய வந்து பாக்குது. எங்க வூட்டுக்காரரு அங்கியே குந்திட்டாரு.

அப்பறம் போகாத ஆபீசு இல்ல. பாகூர்ல ரோட்ட மறிச்சோம், போலீசு வேன்ல ஏத்தி சாயங்காலம் எறக்கி வுட்டாங்க. இவரு ஒவ்வொரு ஆபீசுலயும் போயி, நான் பொய் சொன்னேங்க, கடலு வராதுங்கன்னு கையக் கட்டிக்கினு நிப்பாரு. அன்னிக்குப் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொல்றியான்னு கேப்பாங்க. இதுக்கு இன்னா சார் பதிலு சொல்றது? ஊருக்குள்ள அதவிட மோசம். இன்னும் உள்ள இன்னும் உள்ளன்னு கத்தின வாயெல்லாம் மறந்து பூடுச்சி. நீதான காட்டின, நீதான காட்டினன்னு, கொழாயடியில, டீக்கடையில, எங்க போனாலும் அதே பேச்சி. கனகாம்பா மூஞ்சி குடுத்து பேசறதில்ல.

அதுக்கப்பறம் அவருக்கு இன்னா ஆச்சின்னா, அம்மாவாச பவுர்ணமி வந்தா கரைக்குப் பூடுவாரு. கடலு ஏறி எறங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு வருவாரு. வந்து வாசல்ல நின்னுக்கினு, பாத்தியாடி, மணல் மேட்டக் கூடத் தொடலன்னுவாரு. யாரு கேட்டாங்க சார்? சாட்சிக்கு ஒருத்தரும் இல்ல. மழையோ வெயிலோ, போவாரு. ஆமா ஆமா, வரல, சோறு துன்ன வான்னுவேன்.

போன கார்த்திக மாசம் பூட்டாரு. மாரடைப்பு. அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கு.

வூட்டத்தான பாத்தீங்க. மண்ணு செவுரு. போன மழையில கெழக்குப் பக்கம் வெடிச்சிடுச்சி, கை உள்ள போவும். செங்கல்லு அங்கியே பாசி புடிச்சி கெடக்கு. மருமவ சுலோசனா பேறுகாலத்துக்கு ஏம்பலத்துல அவ அப்பா வூட்டுக்குப் போனா. பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் அனுப்பல. அந்தச் செவுத்துக்குப் பக்கத்துல கொழந்தயப் போட்டுத் தூங்க வெக்க முடியாதுன்றாரு சம்மந்தி. நான் கூட அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். வேணுவும் இப்ப அங்கேருந்துதான் வேலைக்குப் போறான். நான் ஒருத்தி, ஒரு பசுமாடு.

இன்னா கேட்டீங்க? இந்தக் கல்லாண்ட கடலு எப்பயாவது வந்திருக்கான்னா?

சார், அந்தப் பேனாவ ரவ கீழ வையுங்க. வெச்சிட்டீங்களா? அந்தப் பக்கம் திரும்பாதீங்க, ஆதிமூலம் இங்கியே பாக்கறாரு. நீங்க சும்மா மேப்ப பாக்கற மாதிரி இருங்க.

கார்த்திகயில அடிச்சிதே, அந்தக் காத்துல மாடு இந்தத் தோப்புலதான் கட்டியிருந்திச்சி. விடிஞ்சும் வெளிச்சம் வரல. அவுத்துக்கினு வந்துடறேன்னு போனாரு. போவாதன்னு நான் சொல்லல சார். மாடு நெனப்புலதான் நானும் இருந்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு சத்தம், லாரி மண்ணு கொட்டற மாதிரி. நான் ஓடியாந்து கோயிலாண்ட நிக்கறேன், தோப்பு முழுக்க தண்ணி. மட்டையும் மண்ணுமா செவப்பா, மரத்துக்கு மரம் மோதிக்கினு வருது. நான் கத்தறேன், என் சத்தம் எனக்கே கேக்கல. மாடு மட்டும் கயித்த அறுத்துக்கினு நீஞ்சி வந்து என்ன இடிச்சிக்கினு நிக்குது. அப்பறம் தண்ணி வந்த மாதிரியே வடிஞ்சி பூடுச்சி.

கல்லு மேல காலு வெக்காதீங்கன்னேன் இல்ல? எறும்பு இல்ல சார். இந்தக் கல்லத்தான் ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கினு கெடந்தாரு. வாயி முழுக்க மண்ணு. தண்ணி சரியா இங்க வரைக்கும்தான் சார் வந்திருந்திச்சி. இந்தாண்ட ஒரு அடி கூட வரல. புள்ளையாரு பாதம் கூட நனையல. அவரு காட்டின எடந்தான்.

கைய எடுக்கவே நாலு ஆம்பளைங்க வேண்டியிருந்திச்சி. ஆதிமூலம் குழந்த மாதிரி அழுதாரு. அழுதுட்டு, என் காலப் புடிச்சிக்கினு, அக்கா, கடலுன்னு மட்டும் வாயத் தொறக்காத, இங்க கடலு வந்திச்சின்னு ஒரு வார்த்த வெளிய போனா இந்தக் கல்லு எந்தக் காலத்துலயும் நவுறாதுன்னாரு. கெட்ட மனுசன் இல்ல சார் அவரு. அவருக்கும் கூர வூடுதான், வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கு. கல்லு நட்டப்ப எங்க பின்னால நின்னு கத்தின அதே ஜனம், அன்னிக்கும் சுத்தி நின்னு என் மூஞ்சியவே பாக்குது. நான் சரின்னுட்டேன். குளிப்பாட்டி, மண்ண கழுவி, நெஞ்சு வலின்னு எழுதி குடுத்துட்டோம். கடல்ல போனவங்களுக்கு கவருமெண்டு நிவாரணம் குடுக்கறாங்களாமே. வராத தண்ணிக்கு அன்னிக்கு அப்பிடி அழுதேன். வந்த தண்ணிக்கு ரவ சத்தமா அழ முடியல சார் என்னால. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

நீங்க எழுதினா கல்ல எடுத்துடுவாங்களா? எனக்குத் தெரியும் சார், எடுக்க மாட்டாங்க. போன தடவ வந்தவரும் எல்லாத்தையும் எழுதிக்கினுதான் போனாரு. எடுத்தாலும், அடுத்த கார்த்திகயில இன்னொரு காத்து வந்தா, அந்தக் கடலுக்குக் கல்லு இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா. ஆனா அங்க நிக்கறாங்களே, அவங்களுக்கு நான் இன்னா பதிலு சொல்றது? எம் பேத்திக்கு ஒரு செவுரு வேணும், அதுக்கு இன்னா பதிலு? நான் உங்க கிட்ட சொன்னது, யாராவது ஒருத்தருக்குத் தெரியட்டும்னுதான். எழுதறதுக்கு இல்ல. எழுதறத நான் சொல்றபடி எழுதுங்க.

பேனாவ எடுங்க சார். சிங்காரவேலு சம்சாரம் தையலம்மா. ஆமா, சிங்காரவேலு. நான்தான் சொன்னேன். சொன்னா ஆயுசு கொறையும்னு இத்தன வருசம் சொல்லாம இருந்தேன், இனிமே இன்னா. சிங்காரவேலு சம்சாரம் தையலம்மா சொல்றேன். அவரு காட்டினது தப்பு. இந்தக் கல்லாண்ட கடலு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல.

கைநாட்டு எங்க சார் வெக்கணும்?