சபையார் கோட்டுக்குப் போறதில்லை

இருங்கோ தம்பி, எழும்ப வேண்டாம். நீங்கள் எடுக்கப்போற படத்தின்ர கதையை வாசிச்சு முடியுமட்டும் நான் வாய் திறக்கேல்லைத்தானே? இனி நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ.

என்ன கதை இது? சபைக்காரர் எண்டால் வெள்ளை உடுப்பு, நகை இல்லை, றேடியோ இல்லை, அடிச்சாலும் திருப்பி அடிக்கமாட்டினம். அதெல்லாம் சரி. கொழும்பில இருந்து நல்ல பொலிஸ்காரர் ஒருத்தர் கொலையைத் துப்புத் துலக்க வாறாராம், எங்களுக்குள்ள ஒளிச்சிருந்து மாட்டில பால் கறக்கிறாராம், சபைப் பெட்டை ஒருத்தியில ஆசைப்படுறாராம், கடைசியில கொலைகாரன் பிடிபடுறானாம். நாங்கள் இருக்கிற இந்தச் சீனன்குடாவிலயோ தம்பி நடந்தது இது?

ஓ, கற்பனையோ? அப்ப செத்தவனுக்கு ஏன் சின்னராசா எண்டு பேர் வைச்சிருக்கிறீங்கள்? பழைய பேப்பரில பாத்தனீங்களோ. அந்தப் பேப்பரே பொய்.

சின்னராசா எண்ணெய்த் தாங்கியடியில காவல்காரன். எங்கட சபைக்காரன்தான். பீப்பா பீப்பாவா எண்ணெயைக் களவா வள்ளத்தில ஏத்தினதைக் கண்டிட்டான். முறைப்பாடு குடுப்பன் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டான். அறுபத்தாறாம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிஞ்ச கையோட, பட்டப்பகலில, துடுப்பால அடிச்சே அவனைக் கொலை செய்தது. அடிச்சவன் ஆர்? காக்கிச் சட்டை போட்ட பொலிஸ் சார்ஜன்ட், அந்த எண்ணெய்க் களவுக்கு ஆளும் அவன்தான். உங்கட கதாநாயகன்!

எழுதாதேங்கோ! பேனையை மூடுங்கோ.

பிடிச்சது ஆரை? மூதூர் வள்ளக்காரன் ஸுஹைரை. துடுப்பு அவன்ரயாம், கேசுக்கு அது போதுமாம். ஏழாம் வருசம் சிறை மறியலுக்குள்ளயே செத்து மவுத்தாப் போனான்.

சபை என்ன செய்ததோ? என்ர மனிசன் தவராசாதான் அப்ப மூப்பர். செபவீட்டுக் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னார், நாங்கள் உலகத்தாற்ற நியாயஸ்தலம், கோட்டு எண்டு போறதில்லை, சத்தியம் பண்ணுறதில்லை, நியாயம் தீர்க்க ஆண்டவர் இருக்கிறார் எண்டு. எல்லாரும் ஆமென் எண்டினம். சார்ஜன்டுக்கு அதைவிட வேறென்ன வேணும்? எங்கட பயத்தை வேதவசனத்தால மூடினனாங்கள் தம்பி, அவ்வளவுதான்! அதைப்போய் நீங்கள் பரிசுத்தம் எண்டு படம் எடுக்கப் போறீங்கள். செபவீட்டுக்குள்ள உங்கட கமெராவை விட ஏலாது, போங்கோ.

எனக்கு எப்பிடித் தெரியுமோ?

நான் கண்டனான். சட்டி கழுவக் கரைக்குப் போனனான், முப்பதடி தூரம் வராது. சார்ஜன்ட் நிமிர்ந்து என்னைப் பாத்தான். வெருட்டக்கூட இல்லை. உடுப்பைப் பாத்தே விளங்கியிருக்கும், இவள் கோட்டுக்கு வரமாட்டாள் எண்டு.

இல்லைத் தம்பி, மனிசனிலயும் சபையிலயும் பழியைப் போட்டிட்டு நான் தப்ப ஏலாது. சபை கோட்டுக்குப் போகாதே எண்டுதான் சொன்னது, பொய் சொல்லு எண்டு சொல்லேல்லையே. ஸுஹைரின்ர பெண்சாதி ஸல்ஹா, வயித்தில பிள்ளையோட, மூதூரில இருந்து லோஞ்ச் படகில வந்தவ. உந்த வாசல் படலையடியில நிண்டவ. அக்கா, உங்கட ஆக்கள் பொய் சொல்லமாட்டாங்களாமே, நீங்க அந்த நேரம் கரையில நிண்டதாச் சனம் கதைக்குது, கோட்டுக்கெல்லாம் வர வேணாம், என்ட புரிசன்தானா அடிச்சது எண்டு எனக்கு மட்டும் சொல்லுங்க எண்டவ.

ஓம், அவன்தான் எண்டனான்.

அவ நம்பிப்போட்டா. பிறகு ஒருநாளும் அவனைப் பாக்க மறியலுக்குப் போகேல்லையாம்.