அடிக்குரல்

— இல்லம்மா, வாத்தியம்னு எதுவுமே கிடையாது. ஆறு பேரு, ஆறு வாய். அவ்வளவுதான்.

— ஒரு கிதார், ஒரு டிரம்ஸ்கூடவா இல்ல?

— டிரம்ஸும் வாயாலதாம்மா. அதாவது, ஒருத்தன் உதட்டாலயே தட்டுவான். பக்கத்து ஆய்வகத்துலேருந்து வந்து சத்தம் போட்டுட்டுப் போவாங்க.

— என்னமோ போ. காலேஜுல இதெல்லாம்கூட இருக்கு. அப்ப என் பையன் என்னதான் பாடுவான்?

— அவன்தாம்மா அஸ்திவாரம். மத்தவங்க மேல பாடுவோம், அவன் அடியில நின்னு தாங்குவான். தூம், தூம், தூம்னு.

— வார்த்தையே கிடையாதா?

— அடிக்குரலுக்கு வார்த்தை கம்மிம்மா.

— அம்மா, அந்த நாற்காலி ஆடும், அதுல வேணாம். இதுல உக்காருங்க.

— நீதானா அந்த ஊசி?

— ஐயோ, அதையும் வீட்டுல சொல்லிட்டானா! ஆமாம்மா, என் குரல் காதுல குத்துதாம். அவன் வெச்ச பேருதான், எல்லாருக்கும் பரவிடுச்சு. இவரு கேப்டன்.

— அவனுக்கு என்ன பேரு வெச்சீங்க?

— கிணறு.

— கிணறா!

— அவ்வளவு ஆழத்துலேருந்து வரும்மா. அவன் ஆரம்பிச்சா இந்த ஜன்னல் கண்ணாடி அதிரும்.

— பதினாலு வயசுல ஒரே வாரத்துல உடைஞ்சுது அந்தக் குரல். அதுக்கப்புறம் போன் எடுத்தான்னா, அவங்கப்பான்னு நெனச்சு சட்டை தைச்சாச்சான்னு கேப்பாங்க. இவனும் சளைக்காம, நாளைக்கு வாங்கன்னு சொல்லி வெச்சுடுவான்.

— இங்கயும் அப்படித்தாம்மா. வாட்ச்மேன் குரல்ல பேசி எங்களை அலற வெப்பான்.

— அவன் போய் ரெண்டு மாசம் ஆகப்போகுது, தம்பி. போட்டோ எக்கச்சக்கமா இருக்கு. குரல்தான் ஒண்ணுகூட இல்ல. மெசேஜ் போட்டாலும் எழுதித்தான் போடுவான், ‘சரிம்மா’, ‘வரேம்மா’ன்னு. அவன் போனும் அந்த லாரிக்கு அடியில நொறுங்கிப்போச்சு. அதான் உங்களைத் தேடி வந்தேன். நீங்க பாடினதைப் பதிவு கிதிவு பண்ணி வெச்சிருப்பீங்கல்ல?

— இருக்கும்மா. அதாவது... ஒண்ணே ஒண்ணு இருக்கு. போட்டிக்கு அனுப்பினது.

— கேப்டன், அது வந்து...

— லேப்டாப்பைக் கொண்டா, ஊசி.

— கேப்டன்.

— கொண்டான்னு சொன்னேன்ல.

— ...இந்தாங்க.

— பக்கத்துல வாங்கம்மா. சத்தம் போதுமா?

— போதும். இப்ப பாடறது இந்தப் பொண்ணுதானே?

— ஆமாம்மா, ஊசிதான்.

— நல்லாருக்குடி குரல். இப்ப சேந்துக்குதே, இதுவா?

— இது வேற பையன்மா.

— இரு, இரு. அடியில என்னமோ உருளுதே. பாத்திரக் கடையில அண்டாவை நகத்தற மாதிரி. இதுவா?

— ஆமாம்மா.

— இவனா?

— அவன்தாம்மா.

— இன்னொரு தடவை போடு... ரெண்டாவது அடி முடிஞ்சதும் மூச்சு வாங்கறான், பாத்தியா? அவசரக்காரன். ஒரு வாய் காத்துக்குக்கூட ஒழுங்கா நிக்க மாட்டான்.

— அம்மா, அழாதீங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?

— முகம் கழுவணும்மா. குழாய் எங்க இருக்கு?

— வெளிய போய் வலது பக்கம். ஆய்வகத்தைத் தாண்டினா கடைசியில. நான் வரட்டுமா?

— வேணாம், வேணாம். நானே போயிக்கிறேன்.

— ...போய்ட்டாங்களா?

— போய்ட்டாங்க. உனக்கு என்ன பைத்தியமா?

— மெதுவா பேசு.

— அது உன் குரல், கேப்டன்! அவனை நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு நாம பண்ணின ரெக்கார்டிங் அது. அடிக்குரலுக்கு ஆள் கிடைக்கலைன்னு நீயே பாடினது. அந்தம்மா உன் மூச்சைக் கேட்டுட்டு அழுதுட்டுப் போறாங்க.

— தெரியும் ஊசி.

— தெரிஞ்சே சொன்னியா?

— வேற என்ன சொல்லச் சொல்ற? உங்க பையன் இதுல இல்லம்மா, லேட்டா வரான், சுருதி இறங்குதுன்னு நாங்கதான் வெளிய அனுப்பிட்டோம்மான்னா? ஓட்டுப் போட்டப்போ நீயும்தானே கையைத் தூக்கின?

— தூக்கினேன். நான் என்ன இல்லைன்னா சொன்னேன்?

— சரி, விடு.

— பழசு எதுவும் இல்லவே இல்லையா?

— செய்தி வந்த அன்னிலேருந்து தேடறேன். முந்தியெல்லாம் பாடினோம், டீ குடிச்சோம், கலைஞ்சோம். யாரு பதிவு பண்ணினா? ஒரே ஒரு வீடியோ கிடைச்சுது. அதுல போனைப் பிடிச்சுப் படம் எடுக்கறதே அவன்தான். வாயே திறக்கல.

— ஒண்ணு கேக்கட்டுமா? ஆக்சிடெண்ட் ஆனது புதன்கிழமை சாயங்காலம், நம்ம ரிகர்சல் நேரம். நம்ம கேட்டுலேருந்து ரெண்டே தெரு. நிறுத்தினதுக்கு அப்புறம் புதன்கிழமை அவனுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?

— எங்கிட்ட கேக்காத. அதை நெனச்சு நெனச்சுத்தான் நான் தூங்கறதே இல்ல.

— வீட்டுல சொல்லவே இல்ல போலிருக்கு. அந்தம்மா வந்ததும் உண்மையைச் சொல்லிடு.

— வாய் வராது ஊசி.

— நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்.

— சொல்லு. உன்னால முடிஞ்சா சொல்லு.

— தண்ணி சில்லுன்னு இருக்கு. என்ன, ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டிருக்கீங்க?

— அம்மா... ஒரு விஷயம் சொல்லணும்மா. எப்படி சொல்றதுன்னே தெரியல...

— தெரியலைன்னா விடும்மா, ஊசி. நானே கேட்டுடறேன். தம்பி, அது உன் குரல்தானே?

— அம்மா...

— இருபது வருஷம் கேட்ட குரல் எனக்கு அடையாளம் தெரியாதா? கொஞ்ச நேரம் நானும் நம்பித்தான் பாத்தேன். ஒட்டல.

— மன்னிச்சிடுங்கம்மா. அதாவது, நாங்க அவனை...

— நிறுத்திட்டீங்க. தெரியும். அன்னிக்கே வந்து சொல்லிட்டான். நான் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன், முதுகுப் பக்கமா வந்து நின்னுக்கிட்டு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மான்னான்.

— ஏம்மா, அப்பா திட்டுவாரா?

— திட்டினா பரவாயில்லையே! படிக்கிற நேரத்துல பாட்டு என்னன்னு முதல்ல குதிச்ச மனுஷன்தான். போட்டிக்குப் போறான்னு தெரிஞ்சதும் தலைகீழா மாறிட்டார். கழுத்தளவு எடுக்கும்போதுகூட வர்ற ஆளுகிட்ட இதே பேச்சு. என் பையன் பாடறான், என் பையன் பாடறான். அவர்கிட்ட போய் இவன் எப்படிச் சொல்லுவான்?

— அப்ப புதன்கிழமை...?

— புதன்கிழமை ஆனா ரிகர்சல்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவான். இந்தத் தெருவுலயே சுத்திட்டு, நேரம் ஆனதும் வந்துடுவான். நான்தான் வாசல் வரைக்கும் போய், ‘நல்லாப் பாடுடா’ன்னு உரக்கச் சொல்லி அனுப்புவேன். உள்ள மிஷின்ல இருக்கறவர் காதுல விழணும்ல.

— அன்னிக்குமாம்மா?

— அன்னிக்கும்தான். அவர் இப்ப ஒண்ணே ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பிடிச்சதுக்குத்தானே போனான், பாடப் போற வழியிலதானே போனான்னு. அதுவும் இல்லைன்னா அந்த மனுஷன் எதைப் பிடிச்சுக்குவார், சொல்லு? எங்கிட்ட சொன்னதையே அவர்கிட்டயும் சொல்லிடு, தம்பி.

— என்னால முடியாதும்மா. உங்ககிட்ட சொன்ன பொய்யே போதும்.

— எனக்கு மட்டும் முடியுதாப்பா? ரெண்டு மாசமா ஒரே வீட்டுல, அவர் தட்டுக்கு எதிர்ல உக்காந்து மறைக்கிறேன். கண்ணைத் துடை.

— அவருக்குக் குரல் தெரிஞ்சுடாதாம்மா?

— மிஷின் சத்தத்துலயே அவருக்குப் பாதிக் காது போச்சு. ஊசி, நீ அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நில்லும்மா, உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். தம்பி, நீ வாயைத் திறக்காத. அவர் கேட்டா தலையை மட்டும் ஆட்டு.

— அம்மா, வேணாம்மா...

— பாட்டை முதல்லேருந்து வை... என்னங்க! கீழயே நின்னுட்டிருந்தா எப்படி? மேல வாங்க, பையன் பாடறான்!