முடிவை முதலில் சொல்கிறவர்

என் கணவருக்குக் கதை சொல்ல வராது. சிலருக்கு மீன் ஆணம் வைக்க வராது, சிலருக்குக் கணக்கு வராது, அதைப் போலத்தான். இதற்காக யாரையும் வெறுக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். துரை பொறுமையாக உட்கார்ந்து கேட்பது சந்தோஷமாக இருக்கிறது. முதலியாரே, நான் தமிழில் சொல்வதை நீங்கள் துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்போது நான் சொல்கிற வரிசையிலேயே சொல்லுங்கள். முந்திக்கொண்டு எதையும் போட்டு உடைத்துவிட வேண்டாம். அந்தப் பழக்கத்தால் எங்கள் வீட்டில் வந்த சங்கடம் போதும்.

என் பெயர் ஜெனீரா. பதுளைக் கடைவீதியில் துணி வியாபாரம் செய்துவந்த மொஹிதீனின் மனைவி. கடை சின்னதுதான். மாதத்தில் பாதி நாள் அவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹல்துமுல்லை, கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விற்றுவிட்டு வருவார். நல்ல மனிதர். தொழுகையை விடமாட்டார். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டுக்கு வந்து அதற்காக துஆ கேட்பார்.

போகிற இடத்திலெல்லாம் அவர் கண்ணெதிரே என்னென்னவோ நடக்கும். அது அவருக்கு வாய்த்த கொடுப்பினை. நான் வீட்டுக்குள் இருப்பவள். வெளியே நடப்பது எனக்கு அவர் வாயால் வந்தால்தான் உண்டு. அவரோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவைச் சொல்லிவிடுவார். ஒருமுறை அப்படித்தான், “ரெண்டு மாடும் பொழச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். எந்த மாடு, அதற்கு என்ன வந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டுப் பிடுங்கியதில், மலைப்பாதையில் அரிசி வண்டி ஒன்று பள்ளத்தில் சரிந்ததும், மாடுகள் நுகத்தடியோடு ஒரு மரத்தில் மாட்டித் தொங்கியதும், கயிற்றை அறுப்பதா விடுவதா என்று வண்டிக்காரன் கத்தியோடு நின்றதும் தெரிந்தது. எப்பேர்ப்பட்ட கதை. மாடு பிழைத்தது தெரிந்த பிறகு அந்தக் கத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று துரை கேட்கலாம். நான் கதை எழுதுகிறவள். வாப்பா எனக்குத் தமிழும் அரபியும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். கொழும்பில் வெளியாகும் ஒரு வாரப் பத்திரிகையில் என் கதைகள் வந்திருக்கின்றன. குடும்பப் பெண்ணின் பெயர் அச்சில் வரக்கூடாது என்பதால் என் கணவர் பெயரில்தான் வந்தன. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கடைவீதியில் அவரை வித்துவான் என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதுதான் காரணம் என்று முதலியார் எழுத வேண்டாம்.

அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஆனமட்டும் பார்த்தேன். சாதாரண விஷயத்தில் தொடங்குங்கள். ஒரு முடிச்சைப் போடுங்கள், அதை இறுக்குங்கள், கேட்கிறவளைக் கொஞ்சம் தவிக்க விடுங்கள், பிறகு அவிழுங்கள். அவருடைய தொழிலை வைத்தே விளங்கப்படுத்தினேன். சேலையைக் காட்டும்போது முந்தானையை எடுத்ததுமே விரித்துவிடுவீர்களா என்று கேட்டேன். மொதல்ல முந்தானையைத்தான் கேக்குறாங்க என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்றும் சொன்னார்.

“மாட்டுக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு நீ பதறுவியே ஜெனீரா. ஒன்னைப் பதற விட எனக்கு மனசு வராது.”

அன்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு கலையை எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

என்னுடைய கதைகளிலேயே ஆகச் சிறந்தது இரண்டு சகோதரர்களைப் பற்றியது. மூத்தவரைக் கொன்றது யார் என்பது கடைசி வரியில்தான் தெரியும். அதற்கு முந்திய வரிவரைக்கும் வாசிக்கிறவர் வேலைக்காரனைத்தான் சந்தேகப்படுவார், அப்படிக் கட்டியிருந்தேன். பத்திரிகை வந்த அன்று அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, நானே வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். தலைப்பைத்தான் வாசித்திருப்பேன். அடுத்த வீட்டு ஸித்தி ஸுபைதா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “தம்பிதானே கொன்னது? ஒங்க வீட்டுக்காரர் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சொன்னாரே. பரவால்ல, வாசிங்க” என்றாள். நான் வாசித்தேன். கடைசிவரை வாசித்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பிற்பகல் யாருக்கும் வரக்கூடாது.

கதையில் ஒரு விதி உண்டு, துரைக்குத் தெரிந்திருக்கும். கதை நன்றாக நடக்க எந்த ஆள் இடைஞ்சலோ அந்த ஆளை எடுத்துவிட வேண்டும். எழுதியவருக்கு அந்த ஆள்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் தயங்கக்கூடாது. நான் அழகான பாத்திரங்களை அப்படி எடுத்திருக்கிறேன், அழுதுகொண்டே எடுத்திருக்கிறேன். கடையில் எலித் தொல்லை இருந்தது. துணியைக் கடிக்காமல் இருக்கப் பாஷாணம் வாங்கி வைத்திருந்தார்.

முதலியாரே, எழுந்திருக்க வேண்டாம். நான் எங்கும் ஓடப்போவதில்லை. இப்போதுதான் முடிச்சு விழுந்திருக்கிறது.

அவர் கொஸ்லந்தப் பக்கம் போய்விட்டு வருகிற நாள் எனக்குத் தெரியும். அஸர் தொழுகை நேரத்துக்கு வந்துவிடுவார். நல்ல மழை. இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி, அதில் போட வேண்டியதையும் போட்டு வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றும்போது அவர் என்ன சொல்லப்போகிறார், யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை இறக்கி வைத்தார். தலையைத் துவட்டினார். பாயில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

“இன்னிக்கு ஒனக்குப் புடிச்ச மாதிரியே சொல்லப்போறேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்” என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

அந்தத் தோட்டத்தில் மலையடிவாரத்து லயத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம் நிற்கிறதாம். அதன் அடியில் அவர் துணி விரிக்கிற வழக்கமாம். அன்றைக்கு யாருமே துணி பார்க்க வரவில்லையாம். துரை கவனித்தீர்களா, சாதாரண விஷயத்தில் தொடங்கிவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

அதுவரை அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கை நீட்டினால் கோப்பையைத் தட்டிவிட்டிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஆனால் நான் அசைந்தால் அவர் என்ன ஏதென்று கேட்பார், பேச்சு வேறெங்கோ போகும், கதை அறுந்துவிடும். அறுந்த கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவர் தேறியிருக்கவில்லை. அதனால் நான் அசையவில்லை. அவர் குடித்தார்.

மாரிசாமி என்று ஒரு தொழிலாளி. மனைவி செத்த நாளிலிருந்து தோட்டத்தில் எவரோடும் பேசாதவர். அன்று காலையில் அவரும் செத்துப்போனார். பிணத்தைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்திவிட்டார்கள். பறை அடிக்கிறது, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், ஆட்களை வேலை வாங்கும் ரெங்கசாமி கங்காணி தலைமாட்டில் நிற்கிறார். பாடையைத் தூக்கப்போகிற நேரத்தில் மாரிசாமி எழுந்து உட்கார்ந்தார்.

இதைச் சொல்லும்போது என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். எவ்வளவு சரியான இடம் பாருங்கள். மூச்சு வாங்கி, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் தொடர்ந்தார். பறை நின்றதாம். மாரிசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம். மறுபடியும் ஒரு நிறுத்தம். நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் பார்வை கங்காணிமேல் நின்றதாம். எத்தனையோ வருடமாக நான் சொல்லிக்கொடுத்தும் வராதது ஒரே பிற்பகலில் வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

“அப்பத்தான் அந்த மனுசன் வாயத் தொறந்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா, ஜெனீரா?”

அவர் பாயில் சாய்ந்தார். என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. அவருடைய பழைய புத்தி எனக்குத் தெரியும், தவிக்க விட மனசு வராமல் உடனே சொல்லிவிடுவார். நான் அவர் வாயைக் கையால் பொத்தினேன். “இப்ப வேணாங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க” என்றேன். எவ்வளவு நேரம் பொத்தியிருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கையை எடுத்தபோது அவர் சொல்லவில்லை.

தோட்டத்திலிருந்து வாந்திபேதி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மறுநாளே அடக்கிவிட்டார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் வெள்ளை உடுத்தி, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்தேன். புருஷனை நினைத்து உருகுகிறாள் என்றாள் ஸித்தி ஸுபைதா. நான் மாரிசாமியை நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட முடியவில்லை. எழுத முடியவில்லை. செத்தவர் எழுந்து உட்கார்ந்து கங்காணியைப் பார்த்து அப்படி என்ன சொல்லியிருப்பார்? நானே எத்தனையோ முடிவுகளை எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை.

என் கணவரின் தம்பி ஜாபிரைத் தோட்டத்துக்கு அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். லயம் காலியாகக் கிடக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்தார் காதில் விழுந்தது இவ்வளவுதான்: மாரிசாமி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி படுத்து, இந்தத் தடவை நிஜமாகவே செத்துப்போனாராம். பொழுது விடிவதற்குள் கங்காணி உட்பட அத்தனை பேரும் சட்டி பானையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்களாம். என்ன சொன்னார் என்று தெரிந்தவர் ஒருவர்கூட அந்த மலையில் இல்லை.

அதனால்தான் இத்தா முடிந்ததும் நேரே இங்கே வந்தேன். என் கணவரை நான்தான் கொன்றேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். தோட்டத்தை விட்டு ஓடிய ஆட்களை எங்கே தேடிப் பிடிப்பது என்று போலீசுக்குத்தான் தெரியும். ஒரு கொலை வழக்கென்றால் துரை அந்த ஆட்களைத் தேடித்தான் ஆக வேண்டும். என் கணவர் கடைசியாக எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று விசாரிக்காமல் வழக்கை எப்படி முடிப்பீர்கள்? ரெங்கசாமி கங்காணி அகப்பட்டால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, வேப்பமரத்திலிருந்து தொடங்கிச் சொல்லச் சொல்லுங்கள். தூக்கா, ஆயுள் முழுக்கச் சிறையா என்பதை இப்போதே சொன்னாலும் எனக்குப் பாதகமில்லை.

முதலியார் என்ன கேட்கிறார்? கடைசியில் என் கணவர் தண்ணீர் கேட்க வாயைத் திறந்திருப்பார் என்கிறாரா? இல்லை, முதலியாரே. கதை நடுவில் தண்ணீர் கேட்கக்கூடாது என்று அன்றைக்கு அவர் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தார்.