வண்டி நின்ற பின் ஒரு நிமிடம்

"நடுரோட்ல நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?"

"எனக்கு ஃபோன் பண்ணு. முதல்ல எனக்கு. அப்புறம்தான் மத்தவங்களுக்கு."

"எமனே வந்து பக்கத்து சீட்ல உக்காந்துட்டாலும்?"

"அவனை வெயிட் பண்ணச் சொல்லிட்டு எனக்குப் போடு."

ப்ரியா சிரித்தாள். அடையாறில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காயாத புது வண்டிக்குள் உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொண்டது இது. எல்லாத் தம்பதிகளும் இப்படி ஏதாவது பேசியிருப்பார்கள். பேசிவிட்டு மறந்தும் இருப்பார்கள். ப்ரியா மறக்கவில்லை. நான் சொல்லும் எதையும் அவள் மறப்பதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராம்குமார். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரஸர்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு மேலாளராக இருந்தேன். தொழிற்சாலையை ஊருக்கு வெளியே மாற்றியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ப்ரியா என்கிற ஷண்முகப்ரியா தென்மாவட்டத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பத்துப் பெண். நான் வீட்டில் உட்கார்ந்த அதே வருடம் அவள் வேளச்சேரியில் சொந்தமாகப் பட்டுப்புடவைக் கடை திறந்தாள். சரக்கெடுக்க அடிக்கடி காஞ்சிபுரம் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டினாள். அதை அவளிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

வண்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

டர்போ எஞ்சினைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். பயப்பட அதில் ஒன்றுமில்லை. புகையாக வெளியே போகிற சூட்டை வீணாக்காமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றவிட்டு, அந்தச் சக்கரத்தைக் கொண்டு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சக்கரம் நெருப்புக்குப் பக்கத்தில், நம்ப முடியாத வேகத்தில் சுழல்கிறது. அதைத் தாங்கி நிற்பது எண்ணெயின் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. நல்ல எண்ணெய் ஊற்றி, காலத்தில் மாற்றினால் அது பல வருடம் உழைக்கும். எண்ணெய் கெட்டால் மன்னிக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் நான் ஆட்களைத் திட்டியதெல்லாம் எண்ணெய்க்காகத்தான்.

அவளுக்கு ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தேன். வேகமாக ஓட்டிவந்து நிறுத்தினால் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். அப்போதுதான் டர்போ ஆறும். உண்மையில் இப்போது வரும் வண்டிகளில் அதைக் குளிரவைக்கத் தனியாகத் தண்ணீர் ஓடுகிறது. நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நேராக வந்து நின்றாலொழிய அந்த நிமிடம் அவ்வளவு அவசியமில்லை. அதை நான் சொல்லவில்லை. அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். வீடு வந்து சேர்ந்ததும் அந்த ஒரு நிமிடம் இருவரும் வண்டிக்குள்ளேயே இருப்போம். மாடிக்குப் போய்விட்டால் அவளுக்குக் கடை ஃபோன், குக்கர், புனேயில் இருக்கும் மகளோடு வீடியோ கால். இங்கே அவளுக்குச் செய்ய ஒன்றும் கிடையாது. என்னோடு பேசுவாள். சில நாள் அந்த ஒரு நிமிடம் கால் மணி நேரம்கூட நீளும்.

பிறகு அவள் தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். சொல்லிக்கொடுத்தபடியே எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாள். கடையில் வேலை செய்யும் ஷ்ரேயாவோடு ஃபோனில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறாமை என்று அப்போது நினைக்கவில்லை. டர்போ ஆறுகிறதா என்று பார்ப்பதாகத்தான் நினைத்தேன்.

வண்டி முதல்முறை நின்றதற்கு நான் காரணமில்லை. கத்திப்பாரா பாலத்தில் ஏறும்போது இழுவை போய்விட்டது. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதைப் பிடித்திருக்கும் க்ளாம்ப் தளர்ந்து கழன்றிருந்தது. சின்ன விஷயம். ஆட்டோ பிடித்துப் போனேன். மாலை நேர நெரிசலில் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ப்ரியா ஓரமாக நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் எழும்பூர் ஸ்டேஷனில் என்னைக் கண்டுபிடித்தபோது மாறிய அதே முகம். குழாயை மாட்டி முறுக்கினேன். "நீங்க வந்ததும்தான் உசிரே வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் இளநீர் குடித்தோம். அன்று அந்த ஒரு நிமிடம் வெகுநேரம் நீண்டது.

அடுத்த முறை க்ளாம்பை நான் தளர்த்தினேன். யாருக்கும் ஆபத்தில்லாத காரியம். இழுவை குறையும், விளக்கு எரியும், வண்டி மெல்ல ஓரம் கட்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஃபோன் வரும், நான் போவேன். ஒவ்வொரு முறையும் அந்த முகம். ஒரு சின்னப் பழக்கமும் எனக்கு வந்தது. ஃபோன் அடித்ததும் எடுக்க மாட்டேன். கொஞ்சம் அடிக்கவிடுவேன். சற்றுப் பதறிய பிறகு நான் போய் நின்றால் அவளுக்கு ஆறுதல் அதிகமாக இருந்தது. எனக்கும்தான்.

என் மாமியார் சரோஜாதேவி மட்டும் கேலி செய்வார். "என்ன மாப்ள, ஒங்க வண்டி ஒங்கள மாதிரியே இருக்கே. ரெண்டு வாரம் கவனிக்காம விட்டா மொகத்தத் தூக்கி வச்சுக்கிடுது."

"ஒங்க மக ஓட்டற லட்சணம் அத்தை."

"எம் மக கட்டைவண்டி குடுத்தாலும் ஓட்டுவா. நீங்க வண்டியப் பாருங்க."

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒருநாள் ப்ரியா காஞ்சிபுரத்திலிருந்து வந்து, கரி படிந்த விரல்களை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இன்னிக்கும் நின்னுச்சுங்க. பானெட்டைத் திறந்து நானே மாட்டிட்டேன். நீங்க பண்றதைப் பாத்துப் பாத்து வந்துடுச்சு. எப்படி?" அவள் பாராட்டுக்காகக் காத்திருந்தாள். நான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். மறுநாள் அவள் டாஷ்போர்டு அறையில் சொந்தமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எண்ணெய்.

நான் அதில் எதையும் கலக்கவில்லை. மாற்றாமல் இருந்தேன், அவ்வளவுதான். சர்வீஸ் விளக்கு எரியும்போது, "குடு, விட்டுட்டு வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு பெசன்ட் நகர் போவேன். கடற்கரைச் சாலையில் நிறுத்திவிட்டுச் சுண்டல் சாப்பிடுவேன். ஒரு பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் அந்த விளக்கு அணைந்துவிடும். வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கச் செய்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். "சர்வீஸ் பண்ணா தனி சுகம்தாங்க, வெண்ணெய் மாதிரி போகுது" என்பாள் ப்ரியா. இப்படி ஒருமுறை அல்ல.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் கெட்டித்துக் கறுக்கும். டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாய் அடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும். பிறகு புகை. வண்டி சில வாரம் ஷெட்டில் கிடக்கும். அந்தச் சில வாரம் வாடகைக் கார் எடுத்து நான் அவளைக் காஞ்சிபுரம் அழைத்துப் போவேன். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்து வருவாள். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். ஒருவர் கெடுதலைத் திட்டமிட்டால் இதைவிடப் பெரிதாகத் திட்டமிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அத்தையின் மகன்வழிப் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவரை அழைத்துக்கொண்டு ப்ரியா காஞ்சிபுரம் போனாள். திரும்பும்போது அத்தைக்கு வியர்த்தது. நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். ப்ரியா முதல்முறையாக அந்த வண்டியை முழு வேகத்துக்கு மிதித்தாள். அந்த வேகத்தைத்தான் அந்த எஞ்சினால் கொடுக்க முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பின்னால் வெள்ளையாகப் புகை கிளம்பி, எஞ்சின் இறுகி நின்றது.

வீட்டில் மேஜைமேல் ஃபோன் அடித்தது. ப்ரியாவின் பெயர் ஒளிர்ந்தது. நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது. நான் எடுக்கவில்லை. முகம் கழுவினேன். அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. தலை வாரினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்ற எதை எழுதியும் பயனில்லை.

எடுத்தபோது அவள் அழவில்லை. "ஏங்க, அம்மா பேச மாட்டேங்கறாங்க" என்றாள்.

"ஆம்புலன்சுக்குச் சொன்னியா?"

"இல்லைங்க. உங்களுக்குத்தானே முதல்ல பண்ணணும்."

ஆம்புலன்ஸ் வந்தது. தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது, அழைத்ததில்தான் தாமதம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை இழுத்துப்போட்டிருந்த ஷெட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். மெக்கானிக் அன்வர் பாஷா எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். "இன்னா சார் இது, உள்ள தார் மாரி கீது. எங்க சர்வீஸ் வுட்டீங்கோ?"

ப்ரியா என்னைப் பார்த்தாள். நான் பாஷாவைப் பார்த்துச் சொன்னேன். "ஹைவே ஓட்டம் ஜாஸ்தி பாஷா. வேகமா வந்துட்டு உடனே ஆஃப் பண்ணிட்டா டர்போல எண்ணெய் கருகிடும் இல்லையா?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கருவும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு ப்ரியா, அவசரத்தில் சிலமுறை உடனே அணைத்திருப்பதாக என்னிடம் ஒப்புக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு, தப்புச் செய்த குழந்தையைப் போலச் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவினேன். "போகட்டும் விடு. யாருக்கும் நடக்கக்கூடியதுதான்" என்றேன்.

ஆமாம். நான் அவளை மன்னித்தேன்.

அதன் பிறகு நான் கேட்காமலே எல்லாம் கிடைத்தது. புது எஞ்சின் போட்டு வண்டி வந்தது. ப்ரியா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேளச்சேரிக் கடையை ஷ்ரேயாவின் பொறுப்பில் விட்டாள். எங்கே போவதானாலும் என் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தாள். எண்ணெயை நான் உரிய காலத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். மிகச் சிறந்த எண்ணெய். வீடு வந்ததும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். அந்த நிமிடத்தில் அவள் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் பேச மாட்டாள்.

நேற்று மயிலாப்பூர் கோயிலில் அத்தைக்கு மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வந்தோம். வண்டியை நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் பேசினாள்.

"அன்னிக்குக் காஞ்சிபுரத்துல, அம்மா வெயில் தாங்கலைன்னு அவசரப்பட்டாங்க. தறி வீட்டு வாசல்ல நிறுத்தின உடனே ஆஃப் பண்ணிட்டேன். அந்த ஒரு நிமிஷம் விட்டிருந்தா வண்டி நின்னிருக்காது இல்லைங்க? அம்மா இருந்திருப்பாங்க இல்ல? எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவள் தன் வலது கையைத் தொடையின் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எஞ்சினை அணைத்த கை. அதை அவள் அப்படி மறைத்து வைப்பதை நான் பல மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சொன்னேன். க்ளாம்பிலிருந்து தொடங்கினேன். பெசன்ட் நகர், சுண்டல், அணைத்த விளக்கு. பாஷாவிடம் சொன்னது. அந்த ஒரு நிமிடமே பெரிதாக அவசியமில்லை என்பது. நீலச் சட்டை. தொழிற்சாலையில் பழுது அறிக்கை படிக்கும் குரலில் சொன்னேன். வேறு குரல் எனக்கு வரவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஃபோன் அடிச்சப்போ எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

அவள் தொடையின் கீழிருந்து கையை எடுத்தாள். என் முன்னால் நீட்டி, பொத்தானை அழுத்தி எஞ்சினை அணைத்தாள். இன்னும் டர்போ ஆறியிருக்காதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் எப்படிப்பட்டவன் என்று அந்தக் கணத்தில் எனக்கே தெரிந்தது.

சாவிக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். அப்போதுதான் அதைக் கேட்டேன். இத்தனை வருடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, எனக்குப் பதிலாக ஒரு வண்டியை விட்டுக் கேட்கவைத்ததை.

"ப்ரியா, கொஞ்ச நேரம் எம் பக்கத்துல உக்காரேன்."